சாயா பூசிய வீடியோ கேம்

10 ஜூன் 2004, வியாழன்

கொச்சங்காடி செல்விச் சேச்சி, கப்பலில் வேலை பார்த்து இறந்துபோன கணவரின் ஜப்பான் வீடியோ கேமை என்னிடம் விற்கக் கொடுத்திருந்தாள். கொச்சி ஜூ டவுன் பழம்பொருள் கடையில் எதையும் பழசாகக் காட்டியே பழகிய கை சும்மா இருக்குமா? சாயா டிக்காஷனைப் பூசி வைத்தேன்.

இன்று சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பட்டன்களைத் தடவிப் பார்த்து, "சதுர ரப்பர் பட்டன்! முதல்ல வந்த மாடல்ல மட்டும்தான் இது. அப்புறம் வட்டமாக்கிட்டாங்க" என்றார். பிறகு முகர்ந்தார்.

"டீ பூசினவங்க பட்டனையும் மாத்தியிருப்பீங்க."

"இல்ல சாரே, அசலு."

எனக்கே அது பொய்யாகக் கேட்டது. அவர் வாங்காமலே போய்விட்டார்.

சோப்புப் போட்டுத் துடைத்தேன். கறை போய்விட்டது. நாளை சேச்சி வந்து, "புதுசு மாதிரி ஆக்கிட்டியே மோனே" என்று சந்தோஷப்படுவாள்.