நான்காம் குழிக்குப் போர்வை

கலீனா, சஸ்காச்சவன், கனடா
அக்டோபர் 28

அன்புள்ள லரிசாவுக்கு,

என் கால்சட்டையைத் தவிர இங்கே எல்லோரும் நலம். பெர்த் வெயிலில் நீ கருகாமல் இருக்கிறாயா? ஊரில் யாராவது உனக்குப் படம் அனுப்பிவைப்பதற்குள் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை கோல்ஃப் மைதானத்துக் குழாய்களில் கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்துத் தண்ணீரையெல்லாம் வெளியேற்றினோம், உள்ளே உறைந்து குழாய் வெடித்தால் வசந்தத்தில் மண்ணைத் தோண்டப்போவது நான்தானே. ஏழாம் குழியருகே ஒரு தெளிப்பான் மட்டும் மக்கர் செய்தது. என்ன கோளாறு என்று அதன் மேல் குனிந்து நின்று பார்த்தேன், மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் என் இடுப்புக்குக் கீழே கொட்டித் தீர்த்தது. அடித்த வடகாற்றில், கொட்டகைக்கு நடந்து சேர்வதற்குள் கால்சட்டை பலகையாக விறைத்துவிட்டது. முட்டி மடங்கவில்லை, வண்டியில் உட்கார முடியவில்லை. கடைசியில், தினமும் இங்கே ஆட வரும் நெஸ்டர் பவ்லியுக்தான் என்னை வேலிக்கம்பம் மாதிரி தூக்கி வண்டியின் பின்னால் படுக்கப்போட்டு ஊருக்குள் ஓட்டிப் போனார். தபால் நிலையத்து வாசலில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார், சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. போன குளிர்காலத்தில் நான்காம் குழியைச் சுற்றிய புல்வட்டம் பனிக்கட்டிக்கு அடியில் செத்துப்போனது உனக்குத் தெரியும். கமிட்டி இப்போது முடிவெடுத்துவிட்டது: பனி உருகும்போது அது மறுபடியும் வைக்கோல் நிறத்தில் எழுந்தால், மைதானத்தை மூடிவிட்டு நிலத்தைக் கனோலா விதைக்கக் கொடுத்துவிடுவார்களாம். பிறகு உன் அம்மா பெட்ரோல் பங்கில் காப்பி ஊற்ற வேண்டியதுதான். அதனால் இந்த வருஷம் மணல் தூவி, பூஞ்சண மருந்து அடித்து, ஒன்பதில் எட்டுப் புல்வட்டங்களைப் போர்வை போட்டு மூடி, காற்றில் பறக்காமல் பழைய டயர்களை ஏற்றிவைத்தேன். நான்காவதை மட்டும் நெஸ்டர் மூட விடவில்லை. அந்தக் குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டுவிட வேண்டும் என்று நீ பிறப்பதற்கு முன்பிருந்தே முயன்றுகொண்டிருக்கிறார். "குளத்து வாத்தே இன்னும் தெற்க கிளம்பல, உனக்கு என்னம்மா அவசரம்? முதல்ல அது கிளம்பட்டும், அப்புறம் போத்து" என்கிறார். வசந்தத்துல வாத்தா வந்து புல்லு நடும் என்று கேட்டால், "நீ நட்டதைவிட நல்லாவே நடும்" என்கிறார்! மூடிவைத்தால் காலையில் போர்வையின் ஒரு மூலை பாய் மாதிரி சுருட்டியிருக்கிறது, டயர்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன, உறைபனி படிந்த புல்லில் அவர் நடந்த இடமெல்லாம் காலடி காலடியாகக் கருகியிருக்கிறது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

உன் அப்பாவிடமா? போர்வை இழுக்கும் நாள் வந்தாலே மைரனுக்கு மான் வேட்டை ஞாபகம் வந்துவிடும். "மான் நமக்காகக் காத்துட்டிருக்குமா டார்லீன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மானும் காத்திருக்கவில்லை, வெறுங்கையோடு ஜலதோஷம் பிடித்துத் திரும்பி வந்து, முட்டைக்கோஸ் சுருள் செய்து கொடு என்று தும்மிக்கொண்டே கேட்கிறார்.

சனிக்கிழமை ஒரு அண்டா பெரோகிக் கொழுக்கட்டை அவித்து ஆள் திரட்டினேன். ஊரில் பாதி வந்து சாப்பிட்டது, போர்வை இழுக்க நாலு பேர் மிஞ்சினார்கள். நான்காவதை மூடி, டயரை இரட்டையாக அடுக்கி, போதாததற்கு மூலையில் என் புல்வெட்டி வண்டியையும் ஏற்றி நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நெஸ்டர் சாவு வீட்டில் நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பாவம், மூச்சு முட்டப்போகுது அதுக்கு" என்றார். முதல்ல உங்களுக்கு முட்டுதான்னு பாருங்க என்றேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவதாக எழுதியிருந்தாய், வேண்டாம், சாத்திக்கொள். அந்தக் கடைவாய்ப் பல்லை இனியும் தள்ளிப்போடாதே. அங்கே முப்பது டிகிரி என்று போனில் சொல்வதை நிறுத்து, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ எங்கே இருந்தாலும் கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும், கையில் நல்ல வேலையும் தட்டில் சூடான சோறும் குறையாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு, மானைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.

இப்போது காய்ந்த கால்சட்டையில் இருக்கும்,
உன் அம்மா டார்லீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது வாசலில் பார்த்தேன், குளிரையே காணோம், பதினேழு டிகிரி காட்டுகிறது. வாரம் முழுக்க இப்படித்தான் என்கிறது ரேடியோ. போர்வைக்கடியில் புல் வியர்த்துப் புழுங்கும், இன்றைக்கே எல்லாவற்றையும் உரிக்காவிட்டால் பூஞ்சணம் தின்றுவிடும். அப்பா காய்ச்சலில் படுத்திருக்கிறார். உதவிக்கு வந்திருக்கிற ஒரே ஆள் நான்காம் குழியில் நின்று, புல்வெட்டியின் சாவியைக் கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். வாத்துகள் எல்லாம் குளத்திலேயேதான் இருக்கின்றன.