மரகதம் சாப்பிடாத சோறு

9.10.1982, சனி

எழுந்ததும் முதல் வேலையாக, பால்கூட வைக்காமல், சுற்றேட்டை அடுப்போரம் விரித்துக் காய வைத்தேன். நேற்று சாயங்காலம் லெட்சுமி வட்டக்கானலிலிருந்து மழையில் நடந்தே வந்து கொடுத்துவிட்டுப் போனாள். நாவலைச் சேலைக்குள் வைத்துக் காப்பாற்றியவள், ஏட்டை நனைய விட்டுவிட்டாள்.

ஆறு வருடமாக இந்த ஏடு மலையைச் சுற்றுகிறது. நாங்கள் நாலு பேர். இங்கே கொடைக்கானலில் நான், சண்முகவள்ளி, பள்ளி ஆசிரியை. வட்டக்கானலில் லெட்சுமி, சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், எட்டாவது வரை படிப்பு, விடுதியில் சமையல். கவுஞ்சியில் அன்னக்கொடி, பூண்டு விவசாயம். கீழே பாலசமுத்திரத்தில் சேனாதிபதி ஐயா, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ஒரு புத்தகம், ஒரு நோட்டு. கண்டக்டர் அழகுமலை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பார். படித்தவர் தன் கருத்தை எழுதி, பக்கத்தை உள்பக்கமாக மடித்து, ஓரத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டிவிட வேண்டும். நாலு பேருடையதும் சேர்ந்த பிறகு நான் பிரிப்பேன். அப்புறம் ஏடு மறுபடி சுற்றும். எல்லோரும் எல்லோருடையதையும் படித்துச் சண்டை போடலாம். அடுத்தவர் பக்கத்தைப் பார்த்து எழுதுகிறவர் மூன்று புத்தகத்துக்கு எழுதக் கூடாது. விதிகள் எல்லாம் நான் செய்தவை. மதுரையில்கூட இப்படி ஒன்று இருக்காது என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வழக்கமாக லெட்சுமிதான் கடைசி. இந்தத் தடவை காலாண்டு விடைத்தாள் குவிந்து கிடந்ததால், நான் எழுதுவதற்கு முன்பே அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

காய வைக்கும்போதுதான் பார்த்தேன். பசை விட்டு அவள் பக்கம் திறந்து கிடந்தது.

மூடியிருக்கலாம். மூடவில்லை.

“மரகதம் புருசன் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டா, தோத்துட்டான்னு எல்லாரும் சொல்லுவாங்க. கடைசி அத்தியாயத்தைப் பாருங்க. சமைக்கிறா, எல்லாருக்கும் போடுறா, ஏனம் கழுவுறா. அவ சாப்பிட்டதா ஒரு வரி இல்லை. நான் தினம் இருபது பேருக்குச் சமைக்கிறவ. சமைச்ச வீட்டுல கை நனைக்காதவ அந்த வீட்டு ஆளு இல்லை, வேலைக்கு வந்தவ. மரகதம் திரும்பி வரலை.”

நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். உண்மைதான். இரண்டு முறை படித்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

10.10.82, ஞாயிறு

என் பக்கத்தை எழுதி முடித்தேன். ஒரே மூச்சில் இரண்டரைப் பக்கம். மரகதம் சாப்பிடாததைப் பற்றித்தான். ஆனால் என் நடையில், என் காரணங்களோடு. இன்னொரு முறை படித்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன் — மாட்டேனா?

லெட்சுமியின் பக்கத்தைப் புதிதாகப் பசை வைத்து ஒட்டினேன்.

12.10.82, செவ்வாய்

ஏட்டைப் பிரித்து வைத்தேன். வாங்கிப் போக லெட்சுமி வந்தாள். அவளுக்கு வீடு போகிறவரை பொறுக்காது. நின்றபடியே என் பக்கத்தைப் படித்தாள்.

“அக்கா! சோத்து விசயம் உங்களுக்கும் தோணுச்சாங்கக்கா?”

“ம்.”

“எனக்கு மட்டும்தானே இப்படிக் கோணலா தோணுதுன்னு நெனச்சேன்! இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டணும். ஏனம் கழுவுறவளுக்கு என்னா புஸ்தகம்னு எந்த நேரமும் நக்கல் அடிக்கிறாரு. பி.ஏ. படிச்ச டீச்சருக்கும் எனக்கு வந்த யோசனைதானே வந்திருக்கு!”

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

20.10.82, புதன்

ஏடு கவுஞ்சிக்குப் போய்விட்டது. மழை. ஒன்றும் படிக்க ஓடவில்லை.

29.10.82, வெள்ளி

பள்ளி விடுகிற நேரத்துக்கு அழகுமலை கேட்டருகே நின்றார். “டீச்சரம்மா, உங்க பஞ்சாயத்து வந்துருச்சுங்க. கீழ ஐயா இந்தத் தடவை ரொம்பச் சூடு. பஸ்ஸை நிப்பாட்டி வச்சுக்கிட்டு, பத்திரம் பத்திரம்னு மூணு தடவை சொல்லிட்டாரு. உள்ள என்னங்க, நகையா?”

வீட்டுக்கு வந்ததும் பிரித்தேன். அன்னக்கொடி வழக்கம்போல நாலே வரி: “மரகதம் பேருல அரை ஏக்கர் பூண்டு இருந்திருந்தா கதை ரெண்டாம் அத்தியாயத்துலயே முடிஞ்சிருக்கும். இவ அழுததுக்கு முன்னூறு பக்கமா? டீச்சரும் வட்டக்கானலும் எழுதுனது நல்லாருக்கு. ரெண்டு பேரும் ஒரே கண்ணாடியைப் போட்டுக்கிட்டீங்களோ?”

அதற்குக் கீழே சேனாதிபதி ஐயாவின் அச்சடித்தாற்போன்ற கையெழுத்து: “சண்முகவள்ளி அம்மையார் கண்டிருப்பது, இந்த ஆறு ஆண்டுகளில் இந்த ஏட்டில் எழுதப்பட்ட கருத்துகளிலேயே சிறந்தது. வட்டக்கானல் வாசகியும் அதையே எழுதியிருப்பது தற்செயலன்று. வரிசையில் அவர் கடைசி. மடிப்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். விதிப்படி அவரை மூன்று புத்தகங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும்.”

முதல் வாக்கியத்தை நாலு முறை படித்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன் — நாலு முறை. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. இந்தத் தடவை வரிசை மாறியது ஐயாவுக்கோ அன்னக்கொடிக்கோ தெரியாது. நான் சொல்லவே இல்லை.

31.10.82, ஞாயிறு

சந்தையில் லெட்சுமி. விடுதிக்குக் காய்கறி வாங்க வந்திருந்தாள்.

“ஏடு வந்துருச்சாங்கக்கா? ஐயா என்னா எழுதியிருக்காரு?”

“இன்னும் வரலை லெட்சுமி.”

“வரட்டும், வரட்டும். எங்க வீட்டுக்காரரு இப்ப வாயே தெறக்கிறதில்ல. அடுத்த புஸ்தகம் எப்ப வருதுன்னு அவரே கேக்குறாரு, பாத்துக்குங்களேன்!” நல்ல கேரட்டாகப் பொறுக்கி என் பையிலும் போட்டாள்.

ஏன்டி வள்ளி, அவகிட்ட போயா பொய் சொன்ன? வாய் கூசலையா உனக்கு?

1.11.82, திங்கள்

காலையில் இவர் கேட்டார்: “என்ன, மூஞ்சி சுருங்கிக் கெடக்கு? உன் புஸ்தகக் கச்சேரில தகராறா?”

ஐயா எழுதியதை மட்டும் சொன்னேன். நான் செய்ததைச் சொல்லவில்லை.

“இதுக்குப் போயா? ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத் தோணுச்சு, தற்செயல்தான்னு ரெண்டு வரி எழுதிப் போடு. பெரியவரு அடங்கிருவாரு. சோலி முடிஞ்சுது.”

நல்ல வழிதான். வரிசை மாறியதையும் சேர்த்துச் சொன்னால் போதும், என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். லெட்சுமியை யாரும் நிறுத்த மாட்டார்கள். படித்தவளுக்கும் தனக்கு வந்த யோசனையே வந்தது என்ற அவளுடைய சந்தோஷமும் கெடாது. எனக்கும் நல்ல பெயர். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

பகல் முழுக்க அந்த இரண்டு வரியை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளிடம் அக்பருக்குப் பதில் பாபர் என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டேன். அவர்களிடம் தப்பு என்று சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது.

3.11.82, புதன்

அந்த இரண்டு வரியை எழுதப் போவதில்லை.

எழுதினால் அந்த யோசனையில் பாதி எனக்கு வந்துவிடும். பாதிகூட என்னுடையது இல்லை. இருபது பேருக்குச் சமைத்துச் சமைத்து அவளுக்குக் கிடைத்த கண் அது. நான் அதைப் பார்த்தேன், எடுத்துக்கொண்டேன். பி.ஏ. நடை அதை எனக்குச் சொந்தமாக்காது.

ஐயா எழுதிய முதல் வாக்கியம் சரிதான், பெயர்தான் தப்பு. ஆறு வருடத்தில் இந்த ஏட்டில் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். அதை எழுதியவளை ஏட்டில் சேர்த்தது நான். விடுதிச் சமையலறையில் முட்டை கட்டி வந்த பேப்பரைப் பிரித்து, நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். ‘புத்தகம் தந்தால் படிப்பியா?’ என்று கேட்டேன். அன்றைக்கு நான் கேட்ட அந்தக் கேள்வியில் எனக்குப் பெருமை உண்டு. ஏடு முழுக்கப் புரட்டினாலும் இப்படி ஒரு பக்கம் எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது — அதிலும் பெருமைதான். கொஞ்சம் வலிக்கிறது. ஆனாலும் பெருமைதான்.

விதி என்னுடையது. ஆகவே மூன்று புத்தகம் நான் எழுத மாட்டேன். சித்திரை தாண்டிவிடும். மற்ற மூவரும் சண்டை போடுவதைப் படித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அன்னக்கொடி ஏதாவது எழுதிச் சீண்டுவாள், கை துறுதுறுக்கும். இருக்கட்டும்.

நடந்ததை ஏட்டில் பெயர் போட்டு எழுதுவேன், ஐயாவும் அன்னக்கொடியும் படிக்கிற மாதிரி. ஆனால் அவர்களுக்கு முன் வட்டக்கானல். சனிக்கிழமை நானே நடந்து கொண்டுபோகப் போகிறேன். லெட்சுமியின் வீட்டுக்காரர் வேலை முடிந்து வருகிறவரை காத்திருந்து, அவர் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும் — முதலில் அவள் பக்கத்தை, பிறகு ஐயா எழுதியதை, கடைசியில் நான் செய்ததை எழுதிய பக்கத்தை.

இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.