ஏழாம் கேள்வி

மார்ச் 3, செவ்வாய்

இருநூறு தொழிற்கூடங்களுக்குக் கேள்விப்படிவம் அனுப்பினோம். திரும்பி வந்தவை நாற்பத்தொன்று. வர்த்தக சங்கத்தில் ஆய்வு அலுவலராகப் பதினோரு வருடம் ஆகிறது. வரியைப் பற்றி மணிக்கணக்கில் புலம்புகிற முதலாளிகளிடம், அதையே ஒரு தாளில் டிக் அடித்துக் கொடுங்கள் என்றால் மட்டும் கை வராது.

ஏழாம் கேள்விதான் உயிர்: ‘இயந்திர வரி நீடித்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் பக்கத்து மாநிலத்துக்கு இடம் மாறும் எண்ணம் உண்டா?’ உண்டு என்றவர்கள் ஆறே பேர். செயலாளர் முகம் சுருங்கிவிட்டது. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘சதவீதம்’. காபி எப்படி என்று கேட்டாலும் எழுபது பர்சென்ட் பரவாயில்லை என்பார். “பதினஞ்சு பர்சென்ட்டா? இதை வச்சுக்கிட்டு நிதிக்குழு முன்னாடி போய் நின்னா சிரிப்பாங்க மேடம்.”

அது கெட்ட வரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடுகிற இயந்திரத்துக்கும் கட்ட வேண்டும், பழுதாகி மூலையில் கிடப்பதற்கும் கட்ட வேண்டும். பக்கத்து மாநிலம் நான்கு வருடம் முன்பே அதை எடுத்துவிட்டது. இங்கே புது இயந்திரம் வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை. வழக்கு நியாயமானதுதான். சாட்சிதான் கிடைக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

சதவீதத்துக்கு இப்போது எண் மட்டும் போதாதாம். “நம்பரை மறந்துடுவாங்க மேடம். ஒரு மனுஷன் கதையை மறக்க மாட்டாங்க.” காலையிலிருந்து பதினான்கு பேருக்குப் போன் செய்தேன். எல்லோரும் ஒரே பல்லவி: “வேணாம்மா. வேலையாளுங்க காதுக்குப் போனா வம்பு.”

கடைசியில், பாட்டில் மூடி ஷெட் நடத்தும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“ஏழாம் கேள்விக்கு ‘உண்டு’ன்னு போட்டுக்கட்டுமா?”

“நான் எங்க போறேன் பாப்பா? இந்த ஷெட்டை விட்டா எனக்கு வழியே தெரியாது.”

“சும்மாதான். பேர் வராது.”

“வராதுல்ல? அப்போ போட்டுக்கோ. உனக்கு ஆகுதுன்னா சரி.”

நாற்பத்தாறு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் இருக்கிறான். அவன் படிவத்தில் நானே டிக் அடித்தேன்.

மார்ச் 9, திங்கள்

நாள் முழுக்க எழுத்து வேலை. ‘பாலத்தருகே மருந்து பாட்டில் மூடி செய்யும் ஒரு தொழிற்கூடம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இயங்குகிறது. முப்பத்திரண்டு பேருக்கு வேலை தருகிறது. உரிமையாளர் கனத்த மனத்துடன் பக்கத்து மாநிலத்தில் இடம் தேடுகிறார்.’ கனத்த மனம் என் கைச்சரக்கு. நன்றாக வந்திருக்கிறது. படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது, அசடு மாதிரி.

மார்ச் 17, செவ்வாய்

சட்டமன்ற நிதிக்குழுவுக்கு முன்னால் எங்கள் சங்கத் தலைவர் அந்தப் பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். தொண்டையைச் செருமக்கூட யாரும் துணியவில்லை. வெளியே வந்ததும் நிருபர்கள் பிரதி கேட்டார்கள், கொடுத்தேன். சதவீதம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நூறு பர்சென்ட் மேடம்!” அவர் வாயிலிருந்து அந்த எண்ணை இன்றுதான் கேட்கிறேன்.

மார்ச் 18, புதன்

நாளிதழில் மூன்றாம் பக்கம். பத்தி முழுசாக வந்திருக்கிறது.

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது. பாலத்தருகே பாட்டில் மூடி செய்கிற தொழிற்கூடம் எத்தனை இருக்கிறது? ஒன்றுதான் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளை, ஆள் யாரென்று தெரிகிறது, மாற்றுங்கள் என்று எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்பேன்! சொந்த அண்ணன் என்றதும் கண் அவிந்துபோனதா?

மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஷெட்டுக்குப் போனேன். ஆறு இயந்திரங்களில் இரண்டு நின்றிருந்தன. அண்ணி எப்போதும் “வா, சாப்பிட்டியா?” என்பாள். இன்று “வா” மட்டும்.

அச்சு மாமா வேலையை விட்டுவிட்டார். மூடி வார்க்கும் அச்சுகளைப் பொருத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதனால் அந்தப் பெயர். பத்தொன்பது வருடமாக இங்கே இருந்தார். மகளுக்குப் பள்ளிப்படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, ஊர் மாற முடியாது. அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் போய்விட்டார்கள்.

“சண்டைகூடப் போடலை பாப்பா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மொதலாளின்னாரு.”

“நான் போகலன்னு சொல்ல வேண்டியதுதானே!”

“சொன்னேன். அப்போ பேப்பர்ல வந்தது பொய்யான்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னா உன் வேலை என்னாகும்? வாயை மூடிக்கிட்டேன்.”

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 23, திங்கள்

திருத்தக் கடிதம் எழுதிக்கொண்டு சதவீதத்தின் அறைக்குப் போனேன். ஒரே வரிதான்: குறிப்பிட்ட தொழிற்கூடம் இடம் மாறும் முடிவில் இல்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். “இப்போ இதை வெளிய விட்டா மொத்த அறிக்கையும் பொய்யும்பாங்க. ஏப்ரல் எட்டு வாக்கெடுப்பு. பதினாறு நாள் பொறுங்க மேடம். வரி போச்சுன்னா உங்க அண்ணனுக்கும் நல்லதுதானே?”

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 25, புதன்

கடிதம் பையிலேயே இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

மருந்துக் கம்பெனி ஆர்டரில் பாதியை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டது. போகிற ஆளை நம்பி எப்படி என்றார்களாம். இதை அண்ணன் சொல்லவில்லை. அண்ணிதான் போனில் வெடித்தாள்: “உன் அறிக்கைக்கு எங்க வீடுதான் கிடைச்சுதா? ஊர்ல வேற ஆளே இல்லையா?”

வேணும். எனக்கு நல்லா வேணும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே நுணல் நல்லாத்தான் இருக்கு, கெட்டது அண்ணன்.

நாளைக்கே பத்திரிகைக்கு நேராக அனுப்பலாம். ஒரு நிமிட வேலை. இருநூறு தொழிற்கூடங்களுக்கு நல்லது நடக்கப்போகிறது, அதைக் கெடுக்கக் கூடாது என்றுதான் அனுப்பாமல் இருக்கிறேனா? இல்லை, என் நாற்காலிக்காகவா? இரண்டும்தான். இரண்டாவது கொஞ்சம் கூடுதல். எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்காதவரை சரி.

ஏப்ரல் 8, புதன்

இயந்திர வரி ஒழிந்தது. பதினோரு வருடமாக நாங்கள் கேட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், அதன்மேல் பெரிய பூஜ்யம். எனக்குப் பெரிய துண்டு. சாப்பிட்டேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். “நல்லது பாப்பா,” என்றான். “மத்தவங்களுக்காவது ஆச்சு.”

இனித் திருத்தம் வெளியிடலாமே என்று சதவீதத்திடம் கேட்டேன். “முடிஞ்சுபோன கதையை யாரு மேடம் படிப்பாங்க?”

ஏப்ரல் 19, ஞாயிறு

அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். பக்கத்து மாநிலத்துத் தொழில் ஊக்குவிப்புத் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள் அவனைத் தேடி வந்தார்களாம். கையில் எங்கள் அறிக்கையின் நகல். என் பத்திக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தார்களாம். ஷெட் தயார், இரண்டு வருடம் வாடகை இல்லை, பழகிய ஆட்களும் கிடைப்பார்கள். இங்கே அவனிடம் இப்போது மிச்சம் இருப்பது பதினோரு பேர், ஓடுவது இரண்டு இயந்திரம்.

“நானாப் போய் கேட்கலை. அவங்களே வந்தாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

காபி கலந்து அவன் கையில் கொடுத்தேன்.

“இப்போ நீ எழுதினது பொய் இல்ல பாப்பா. நிம்மதியா இரு.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்தபோது காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று கேட்டான்.

ஜூன் 6, சனி

ஷெட்டுக்கு இரண்டு லாரிகள் வந்தன. அச்சுகளைச் சுற்றிக்கட்ட அச்சு மாமாவே வந்திருந்தார், வேறு யாருக்கும் அது சரியாக வராது. ஒவ்வொன்றாக எண்ணெய் தடவித் துணியில் சுற்றினார். என்னைப் பார்த்து, “எப்படிம்மா இருக்கீங்க?” என்றார். நல்லா இருக்கேன் என்றேன்.

பிப்ரவரி 22, திங்கள்

இந்த வருடம் எங்கள் பிரச்சினை மின்கட்டணம். புதுக் கேள்விப்படிவம் தயார். ஏழாம் கேள்வியை நான் எடுத்திருந்தேன். சதவீதம் திரும்பச் சேர்த்துவிட்டார். “போன தடவை நல்லா வேலை செஞ்சுது மேடம்.” பழைய பட்டியலைப் பார்த்து இருநூறு உறைகளிலும் நானே முகவரி எழுதினேன், வரிசையாக, யோசிக்காமல்.

மார்ச் 4, வியாழன்

ஓர் உறை திரும்பி வந்தது. அண்ணன் ஷெட்டின் முகவரி, என் கையெழுத்தில். மேலே தபால்காரரின் சிவப்பு மை: ‘இடம் மாறிவிட்டார்.’

சதவீதம் வாங்கிப் பார்த்தார். “இதைப் பதில் வராததுல சேர்த்துடுங்க.”

“இல்ல சார். ஏழாம் கேள்விக்குப் பதில் வந்திருக்கு.”

அவர் தன் அறைக்குப் போனார். உறையை என் மேசை இழுப்பறையில், அந்தத் திருத்தக் கடிதத்தின் மேல் வைத்தேன்.