பேட்டனா, சாண்டர்ஸா

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
12.3.2006

அன்பு மருமகள் சங்கவிக்கு மாமா சிவஞானம் எழுதுவது. எனக்கு இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. டெட்ராய்ட் பனியில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் நினைப்பு.

அருண்பிரசாத் விட்டுப்போன பெட்டியைப் போன வாரம்தான் திறந்தேன். சுனாமியிலிருந்து அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. இரண்டு சட்டை, ஷேவிங் சாமான், மிச்சமெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால் டிவிடி. "கச்சால் தீவுக்குப் போய் ஃப்ரெண்டைப் பாத்துட்டு வந்து, உங்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித் தரேம்ப்பா" என்றுதான் கப்பல் ஏறினான்.

இப்போது நானே போட்டுப் பார்க்கிறேன். ஃபுட்பால் என்று பேர். காலால் உதைப்பவனையே காணோம். பின்னால் நின்று பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறானே, அவன் மட்டும்தான் எனக்குப் புரிகிறான். கபடியில் பாடிப்போகிறவன் மாதிரி. அந்த மாதிரி ஓடுகிற ஆளுக்கு ஆட்டத்தில் என்ன பெயர்? அதில் பேட்டன் என்று ஒருவன் ஓடுகிறான். அவனைவிடப் பெரிய ஆள் உண்டா?

போன் வேண்டாம் அம்மா. படகு இன்ஜின் பக்கத்தில் இருந்தே கெட்டுப்போன காது. எழுது.

ஆசிகளுடன்,
மாமா

*

டெட்ராய்ட்
7.5.2006

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிறது. அவர்களுக்கு ரன்னிங் பேக் என்று பெயர். கல்யாணமான முதல் வருஷம் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலை அடுப்பில் விட்டுவிட்டு இவரோடு சண்டை போட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

என் ஆஸ்பத்திரி லேபில் வயதானவர்களைக் கேட்டால் ஜிம் பிரவுன் என்பார்கள். புள்ளிவிவரக்காரர்கள் எம்மிட் ஸ்மித் என்பார்கள். மொத்த ஓட்டத்தில் அவர்தான் முதல். ஆனால் எங்கள் ஊர் அணிக்காரர் பாரி சாண்டர்ஸ்தான் பெரியவர், மாமா. நாலு பேர் பிடித்தாயிற்று என்று நினைக்கும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். அந்த டிவிடியையும் பாருங்கள்.

இன்னொரு விஷயம். காணாமல் போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுக்கிறார்களாமே. அப்பா என்ற முறையில் நீங்கள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள். முடிந்தபோது விசாரியுங்கள்.

சங்கவி

*

டெய்ரி ஃபார்ம்
20.8.2006

அன்பு மருமகளுக்கு,

சாண்டர்ஸைப் பார்த்தேன். வித்தைக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் முன்னால் போக வேண்டியவன் பின்னால் அல்லவா ஓடுகிறான். இருக்கிற கெஜத்தையும் தொலைத்துவிட்டு நிற்கிற நேரமும் உண்டு. நான் முப்பது வருஷம் படகில் சாரங்காக இருந்தவன். சுக்கான் பிடிப்பவன் இப்படி வளைந்துகொண்டிருந்தால் பயணிகள் ஜெட்டிக்கு எப்போது வந்து சேருவது?

பேட்டனைப் பார். கோட்டோரம் மாட்டிக்கொண்டால் வெளியே போய்த் தப்பிக்கலாம், அடிபடாது. அவன் போகமாட்டான். திரும்பி எதிராளி மேலேயே மோதுவான். பதின்மூன்று வருஷத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் இறங்கவில்லையாம். அருண் இருந்தால் என் கட்சிதான்.

மழை விடவில்லை. பக்கத்து வீட்டு சொர்ணம்மா குழம்பு கொடுத்தனுப்புகிறாள். சான்றிதழ் ஆபீஸ் பக்கம் போக முடியவில்லை, கூட்டம்.

மாமா

*

டெட்ராய்ட்
14.1.2007

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். இங்கே வாசலில் முழங்கால் அளவு பனி.

அருண் உங்கள் கட்சி இல்லை, மாமா. அவருக்கு சாண்டர்ஸ்தான். பேட்டனின் சாதனையை முந்த ஒரு வருஷ ஓட்டம் பாக்கி இருக்கும்போதே, தான் பிறந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஆட்டத்தை விட்டவர் சாண்டர்ஸ். "யாருகிட்டயும் நேர்ல ஒரு வார்த்தை சொல்லாம எப்படிப் போக மனசு வரும்?" என்று இவரிடம் கேட்டிருக்கிறேன். "போகணும்னா போயிடணும், சங்கவி" என்று சிரித்தார். சுனாமி வந்த அந்த டிசம்பரில் எனக்கு லீவு கிடைக்காமல் இவர் மட்டும் உங்களைப் பார்க்க வந்தார். ஏர்போர்ட்டிலும் அதே சிரிப்பு.

சான்றிதழ் பற்றி நீங்கள் சரியாக எழுதவில்லை. அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எந்தப் படிவத்திலும் என்னால் மனைவி என்றும் போட முடியவில்லை, விதவை என்றும் போட முடியவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ரவிச்சந்திரன் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமல் சொல்லவும் மாட்டேன்.

சங்கவி

*

டெய்ரி ஃபார்ம்
19.2.2007

சங்கவிக்கு,

கடிதம் கிடைத்தது. எம்மிட் ஸ்மித் ஆட்டத்தையும் பார்த்தேன். தோள் மூட்டு விலகிப்போயும் கடைசிவரை பந்தைச் சுமந்தவன். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் பொறுக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

சிவஞானம்

*

டெய்ரி ஃபார்ம்
3.7.2007

அன்பு மருமகளுக்கு,

பிப்ரவரியில் நான் எழுதினதற்குப் பிறகு உன்னிடமிருந்து தபால் இல்லை. கப்பல் வரும்போதெல்லாம் தபால்காரரைக் கேட்கிறேன். "குச் நஹி ஆயா, சாச்சா" என்கிறார், ஒன்றும் வரவில்லையாம்.

ஜிம் பிரவுன் ஓடுகிற கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. லாரி போகிற மாதிரி போகிறார், மோதினவன்தான் விழுகிறான். இவரைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்று எழுது.

மாமா

*

டெய்ரி ஃபார்ம்
25.11.2007

அன்பு மருமகள் சங்கவிக்கு,

போன மாதம் ஆபீஸுக்குப் போனேன். மூன்று தடவை வாசல்வரை போய்த் திரும்பியவன், அன்றைக்கு உள்ளே போய்விட்டேன்.

பெஞ்சில் எனக்கு முன்னால் அழகையா என்று ஒருவர். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சாலில் ரப்பர் வெட்டினவர். மனைவியையும் மகளையும் கடல் கொண்டுபோயிருக்கிறது. அவரும் இத்தனை நாள் கையெழுத்துப் போடவில்லையாம். "ஏன்?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டா நானே சாவடிச்ச மாதிரின்னு நெனச்சேங்க. போடாம இருந்து பாத்தேன். அப்பவும் வரல்லை" என்றார்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் எழுந்தபோது நானும் கூடவே எழுந்துவிட்டேன். அங்கிருந்த பெங்காலிப் பெண் நல்ல மாதிரி. "அங்கிள், பைட்டியே" என்று நாற்காலி போட்டாள். எங்கே போடவேண்டும் என்று விரலால் காட்டினாள். என் பெயரை நான் இவ்வளவு மெதுவாக எழுதினதே இல்லை.

சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் நான் எழுதினது எழுதக் கூடாதது. உனக்கு ஒருத்தர் வந்தால் எனக்கு எழுத யாரும் இல்லாமல் போய்விடும் என்ற பயம். அதற்கு எம்மிட் ஸ்மித்தின் தோளைச் சாக்காக இழுத்துவிட்டேன்.

ரவிச்சந்திரனுக்குச் சம்மதம் சொல். அருண் சாண்டர்ஸ் கட்சி என்று நீ சொன்னால் அதுவே சரி. கடைசி வருஷங்களில் அவன் உன்னோடு இருந்தவன். நான் பேட்டன்தான்.

மனமார்ந்த ஆசிகளுடன்,
மாமா

*

டெட்ராய்ட்
11.5.2008

அன்புள்ள மாமாவுக்கு,

சான்றிதழ் வந்ததும் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அவர் பெயரை அதில் பார்த்தபிறகுதான் நான் சரியாக அழுதேன் என்று தோன்றுகிறது.

ஏப்ரலில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டோம். ரவி நல்லவர். ஆட்டம் பார்க்கிற பழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி சும்மா கிடக்கிறது. அவருக்கு கலிபோர்னியாவில் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசியில் கிளம்புகிறோம். வீடு அமைந்ததும் விலாசம் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதின அந்த வரியை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், மாமா. ஆனால் சான்றிதழை அனுப்பினதும் நீங்கள்தான். அதையும் மறக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சங்கவி

*

டெய்ரி ஃபார்ம்
8.11.2009

அன்புள்ள சங்கவிக்கு,

புது விலாசம் இன்னும் வரவில்லை. வேலையும் வீடுமாக இருப்பாய், தெரியும். பழையதுக்கே போடுகிறேன், அங்கே குடியிருப்பவர் யாராவது அனுப்பிவைத்தால் சரி.

ஜங்லிகாட்டில் ஒரு நெட் கடை இருக்கிறது. ஆட்டோ பிடித்துப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். கடைக்காரத் தெலுங்குப் பெண் தானே படத்தை எடுத்துப் போட்டுவிடுகிறாள். பீட்டர்சன் என்று புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். வந்த வருஷமே ஒரே ஆட்டத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு கெஜம். சாண்டர்ஸ் மாதிரி நழுவவும் செய்கிறான், பேட்டன் மாதிரி மோதவும் செய்கிறான். அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அச்சா, அங்கிள்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு பிரின்ட் எடுக்கப் போய்விட்டாள்.

சொர்ணம்மா மகனோடு மெயின்லேண்ட் போய்விட்டாள். சமையல் நானேதான். ஒரு வேளை வைத்தால் இரண்டு வேளைக்கு ஆகிவிடுகிறது.

நீ நன்றாக இரு. இதற்குப் பதில் போட்டாக வேண்டும் என்று இல்லை. ஆனால் பீட்டர்சனை நீ பார்த்தாயா, அவனை எந்த வரிசையில் வைப்பாய் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எனக்கு இங்கே மறுத்துச் சொல்ல ஆள் இல்லை.

அன்புடன்,
சிவஞானம்