சாவி டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

12 செப்டம்பர் 1994, திங்கள்

இன்று சோதனைக்காக எங்கள் தலைமை ஆபீசில் மெயின் சர்வரின் கேபிளை நானே பிடுங்கினேன். கிள்ளான் துறைமுக ஆபீசிலிருந்து ஜெயராஜ் கப்பல் பத்திரங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். மெயின் பதில் சொல்லவில்லை என்றதும் கிள்ளான் மிஷின் தானாகவே இரண்டாவது சர்வரைத் தேடிப் போனது. ஒரு வரிகூட விடுபடவில்லை. “எப்போ பிடுங்கப் போற தவம்?” என்று போனில் கேட்டார். பிடுங்கி வெகுநேரம் ஆகிவிட்டது என்றேன். “இங்க ஒன்னுமே தெரியல லா.” இதைவிட யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

மத்தியானம் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மேனேஜர் யோகநாதன் சார் என் நாற்காலியில் உட்கார்ந்து, “நான் செய்த ஏற்பாடு” என்று விளக்கினார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரே ஒரு கவலை. லைனில் வருவதெல்லாம் பூட்டி வருகிறது. அதைத் திறக்கும் சாவி ஒரு டிஸ்கெட்டில் இருக்கிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் வரை டிஸ்கெட் தேவையில்லை. அணைத்துப் போட்டால் மட்டும் கேட்கும். இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். “ரெண்டு சாவி இருந்தா அதுக்குப் பேர் பூட்டா?” என்றார்.

டிசம்பரில் என்னை நிரந்தரமாக்க வேண்டும். அதற்குப் பிறகு அப்பா லோரி ஓட்ட வேண்டாம். முதுகைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்.

5 அக்டோபர், புதன்

அடுத்த வியாழன் ஆயுத பூஜை. எல்லா மிஷினும் ஓய்வெடுக்க வேண்டுமாம். முதலாளியம்மா உத்தரவு.

13 அக்டோபர், வியாழன்

முதலாளி தியாகராசாவின் மனைவி குணபூசணி ஆன்டி பட்டுச் சேலையில் வந்தார். யோகநாதன் சாருக்கு அவர் சொந்தச் சித்தி. பேனா, முத்திரை, கணக்குப் புத்தகம் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போயின.

சாரிடம் மெதுவாகச் சொன்னேன் — மெயினை வேண்டுமானால் அணைப்போம், இரண்டாவது மட்டும் ஓடட்டும். “அதுவும் மிஷின்தானே? சாமிகிட்ட ஸ்டாண்ட்பை எல்லாம் கிடையாது லா.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? இரண்டு சர்வரும் அணைந்தன.

ஆன்டி கையை நீட்டி, “பிள்ளை, உன்ர சாமானையும் தா” என்றார். சாவி டிஸ்கெட்டைக் கொடுத்தேன். அதற்குச் சந்தனம், குங்குமம். புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டார். அப்புறம் நான் எந்தத் தோட்டம் என்று கேட்டார். எங்கள் வீடு கிள்ளானில், ஆன்டி என்றேன். “அதில்லை, அதுக்கு முன்னம்?” ரப்பர் தோட்டத்தின் பேரைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

14 அக்டோபர், வெள்ளி

மெயின் எழுந்திருக்கவில்லை. இரண்டு வருடம் நிற்காமல் சுற்றிய டிஸ்க்கு அது. ஒரு ராத்திரி நிறுத்தினார்கள், ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு முனகல், அவ்வளவுதான்.

இரண்டாவது நன்றாக எழுந்தது. எழுந்து சாவியைக் கேட்டது.

சாவி சாமி முன்னால். விஜயதசமி நல்ல நேரத்தில் ஆன்டி வந்து தீபம் காட்டும் வரை அங்கே வைத்த எதையும் யாரும் தொடக் கூடாது. அதற்குள் தெலுக் பங்லிமா காராங் ஊர்க் கையுறைத் தொழிற்சாலையின் லோரி துறைமுக வாசலுக்கு வந்துவிடும். பத்திரம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

சாமி அறைக்குப் போனேன். புத்தகங்களுக்கு அடியில் டிஸ்கெட்டின் நீல ஓரம் தெரிந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். நீட்டவும் செய்தேன். பின்னால் சார், “தொடாத. சித்தி வந்து ஏசினா நீயா பதில் சொல்வ?” கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் கிள்ளானுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் நேராகத் தொழிற்சாலைக்கு ஃபேக்ஸ் பண்ணச் சொன்னார். பூட்டில்லாமல் போகுமே சார் என்றேன். “பேப்பருக்கு என்ன பூட்டு?” அவர் அவசரத்தில் சொன்ன நம்பர், பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு கையுறைத் தொழிற்சாலையின் நம்பர். அவர்களும் நம் வாடிக்கையாளர்கள்தான். போட்டிக்காரன் எங்கள் மூலம் என்ன விலைக்கு அனுப்புகிறான், யாருக்கு விற்கிறான், எல்லாம் அவர்கள் மேசையில் போய் விழுந்தது.

ஆன்டி வந்து தீபம் காட்டி, டிஸ்கெட்டைக் கண்ணில் ஒற்றி என்னிடம் கொடுத்தார். இரண்டாவது சர்வர் உடனே ஓடியது. அதுதான் தாங்கவில்லை. உடனே ஓடியது.

20 அக்டோபர், வியாழன்

விலை வெளியான கையுறைக்காரர்கள் எங்களோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள். முதலாளி கூட்டம் போட்டார். சிஸ்டம் யார் பொறுப்பு என்றார். யோகநாதன் சார் என்னைப் பார்த்தார். அதனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலாளி கோபப்படவில்லை. “படிச்ச பிள்ளை. முன்னமே சொல்லியிருக்கலாமே அம்மா.”

சொன்னேன் சார் என்றேன். என்றேனா? உதடு அசைந்தது எனக்குத் தெரியும். சத்தம் வந்ததா தெரியாது. யோகநாதன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூஜையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சாமி குற்றம் ஆகிவிடுமே! தோட்டத்துப் பிள்ளை குற்றம் என்றால் யாருக்கும் பாவமில்லை.

30 டிசம்பர், வெள்ளி

நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். வீட்டில் பொய் சொன்னேன்: ஆபீசில் எல்லாருக்குமே தள்ளிப்போகுது என்று. “பரவால்ல, எனக்கும் சும்மா ஒக்காந்தா போர் அடிக்கும்” என்று அப்பா லோரியை எடுத்துக்கொண்டு போனார்.

9 ஜனவரி 1995, திங்கள்

மெயினுக்குப் புது டிஸ்க் போட்டாயிற்று. சாவிக்கு இன்னொரு பிரதி எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

30 ஜூன், வெள்ளி

நிரந்தரம் ஆகிவிட்டது. சார் எனக்காக எழுதியிருந்ததை முதலாளி படித்துக் காட்டினார்: அமைதியானவர், எதிர்த்துப் பேசமாட்டார். நன்றி என்றேன்.

அப்பா லோரியை விட்டுவிட்டார். முற்றத்தில் ஈசி சேர் போட்டுக்கொண்டு போகிற வருகிற லோரிகளின் எஞ்சினைக் குறை சொல்கிறார்.

2 அக்டோபர், திங்கள்

ஆயுத பூஜை. மிஷின்களை நிறுத்தும் வேலையை, “நீயே பாத்துக்க தவம்” என்று சார் என்னிடமே விட்டார்.

கம்ப்யூட்டர் திரைகளை மட்டும் அணைத்தேன். இரண்டு சர்வர் மேலும் மஞ்சள் துணி போர்த்தி, காற்றுப் போகப் பின்பக்கம் திறந்து விட்டேன். ஆன்டி பொட்டு வைக்கக் குனிந்தபோது காதைச் சாய்த்தார்.

“என்ன பிள்ளை, இரையுது?”

“ஏர்கான், ஆன்டி.”

சாமான் கேட்டார். ‘சாவி’ என்று சீட்டு ஒட்டிய டிஸ்கெட்டைக் கொடுத்தேன். அதில் ஒன்றுமில்லை, வெறும் டிஸ்கெட். சந்தனம், குங்குமம் வைத்து, போன வருடத்தைப் போலவே புத்தகங்களுக்கு அடியில் வைத்தார். கும்பிட்டேன். ஏர்கான் என்றபோது குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

3 அக்டோபர், செவ்வாய்

விடிவதற்குள் மெயின் நின்றுபோயிருக்கிறது. இரண்டாவது எடுத்துக்கொண்டது. கிள்ளானிலிருந்து பத்திரங்கள் பூட்டோடு வந்து, பூட்டோடு போயின. ஜெயராஜுக்குக்கூடத் தெரியாது.

ஆன்டி தீபம் காட்டிவிட்டு ஒவ்வொருவருக்கும் கடலை கொடுத்தார். “இந்த முறை மனசாரக் கும்பிட்டனான். ஒண்டும் நடக்கேல்லை, பாத்தியளோ?”

“எல்லாம் சித்தியாலதான்” என்றார் சார்.

கையை நீட்டிக் கடலையை வாங்கிக்கொண்டேன். உப்பு சரியாக இருந்தது.