பக்கத்து வீட்டுப் பீச்சாங்குழல்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து பக்கத்து வீட்டில் டர்ர் என்று துளை போடுகிற சத்தம். பீச்சாங்கைதான், வேறு யார்? எழுதுவது, சாப்பிடுவது, ஆணி அடிப்பது எல்லாம் இடது கையால் செய்கிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? இந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பெயர் சூட்டியவன் நான். பெற்றவர்கள் வைத்ததெல்லாம் ரேஷன் கார்டோடு சரி.

என் வீட்டம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கக்கூஸில் கையில் பிடித்து அமுக்கினால் தண்ணீர் அடிக்கிற குழாயாம்.

"மக்கே வேண்டாங்க. ஒரு அமுக்கு, அவ்வளவுதான். அவரே போய் வாங்கி, அவரே மாட்டிட்டாரு. ஆளுகூட கூப்பிடல."

'அவரே' இரண்டு தடவை. எண்ணினேன்.

சின்ன வயதில் மூங்கிலில் செய்து அடுத்தவன் மேல் தண்ணீர் அடிப்போமே, பீச்சாங்குழல், அதேதான். இதற்குப் போய் இவ்வளவு மரியாதை.

ஜூன் 4, புதன்

சாப்பிடும்போதும் அந்தக் குழாய்ப் பேச்சுதான்.

ஜூன் 6, வெள்ளி

மூன்று நாளாகக் காலை ஆறரைக்கு இவள் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். கேட்டால், "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்" என்கிறாள். அண்ணி என்றால் பீச்சாங்கையின் சம்சாரம். அப்படி என்ன ஒரு வார்த்தை, இருபது நிமிஷத்துக்கு?

வரும்போது முகத்தில் ஒரு தெளிவு. என்னிடம் பேசிவிட்டுப் போகிற யார் முகத்திலும் அதை நான் பார்த்ததில்லை.

அவரை அண்ணே என்கிறாள். அப்படியானால் எனக்கு மச்சான் முறை. மச்சானைக் கிண்டல் பண்ண யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஜூன் 9, திங்கள்

சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஆரம்பித்தேன். "என்ன மச்சான், வீட்டுக்குள்ளயே தீயணைப்பு ஆபீஸ் தொறந்துட்டீங்களாம்?"

செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இடது கையால். நிமிர்ந்து சிரித்தார். "வாங்களேன், உள்ள வந்து பாருங்க."

அதோடு சரி. மறுபடி குனிந்துவிட்டார். கிண்டலுக்கு எதிர்க் கிண்டல் வேண்டாமா? துணியே வைக்காமல் தையல் மெஷினை மிதித்த மாதிரி இருந்தது. இந்த ஆளிடம் என்னத்தைக் கண்டாள்? சட்டை இஸ்திரி கலையாமல் இருக்கும். அந்தச் சட்டையைத் தைத்தது யார்? நான்.

சாயங்காலம் இவள் ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். "வலது கையைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுங்க, போட முடியல."

"ஒரு கை மட்டும் குண்டாயிடுச்சா? அந்த வீட்டுல அப்படி என்னதான் போடுறாங்க?" என்றேன். சிரிக்கவில்லை. மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

வாங்கிவிட்டேன்.

ஹார்டுவேர் கடைக்காரர், "ஹெல்த் ஃபாசெட்டா? பிளாஸ்டிக்கா ஸ்டீலா பெரியவரே?" என்று கேட்டார்.

"எங்க பக்கத்து வீட்டுக்காரர் எதை வாங்கினாரு?"

"பிளாஸ்டிக்."

"அப்ப ஸ்டீலு குடு."

ஒரு மீட்டர் ஹோஸ், மூன்று வாய் உள்ள இணைப்பு ஒன்று, மாட்டி வைக்கிற கொக்கி, மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப், எல்லாம் பொட்டலம் கட்டினார். பிளம்பரை அனுப்பவா என்றார். நாற்பத்தெட்டு வருஷம் கத்தரி பிடித்த கை, ஒரு குழாயை மாட்டாதா? பீச்சாங்கை ஆள் வைக்கவில்லை. நான் மட்டும் வைத்தால் அது தெருவுக்கே தெரியும்.

ஜூன் 11, புதன்

மாட்டியாச்சு. உடம்பெல்லாம் ஈரம்.

வெள்ளை டேப்பை பாபினில் நூல் சுற்றுகிற மாதிரி அழகாகச் சுற்றினேன். மரையைத் திருகத் திருக அது அவிழ்ந்து கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது, திருகுகிற திசையிலேயே சுற்ற வேண்டும். அதற்குள் தண்ணீர் கூரை வரைக்கும் போய்விட்டது. மொட்டை மாடித் தொட்டியின் வால்வை அடைக்க மறந்திருந்தேன். ஓடிப் போய் அடைத்தேன். இந்த முழங்காலோடு.

இரண்டாவது தடவை ஒழுகவில்லை. கம்மோடில் உட்கார்ந்து பார்த்து, கை நீட்டினால் எங்கே வருகிறதோ அங்கே சரியாகக் குறித்து, வலது பக்கச் சுவரில் கொக்கியை அடித்தேன். சட்டைக்குப் பாக்கெட் வைக்கிற கணக்குதான். சுத்தியலால் அடித்ததில் டைல்ஸ் ஒன்று கீறிவிட்டது. போகட்டும்.

தண்ணீர் வரவில்லையே என்று குழாயின் வாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே அமுக்கினேன். வந்தது.

இவள் வாசலில் நின்று, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனை மாசம் ஆச்சு? இனிமேல் பக்கத்து வீட்டில் என்ன வேலை?

"ஸ்டீலு. அவங்க வீட்டுது பிளாஸ்டிக்" என்றேன்.

"நல்லாயிருக்குங்க" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

ஆறரைக்குப் போனாள்.

ஜூன் 13, வெள்ளி

இன்னைக்கும் போனா. என் வீட்டுக் குழாயைத் தாண்டித்தான் போனா. அப்ப குழாய்க்காகப் போகல. அப்ப எதுக்கு? நான் பேசுறதுதான் புடிக்கலையா? நாப்பத்தினாலு வருஷம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தா. இல்ல கேக்கற மாதிரி உக்காந்திருந்தாளா?

ஸ்டீல் வாங்கினேன். முகத்துல தண்ணி வாங்கினேன். டைல்ஸ உடைச்சேன். யாருக்காக?

ஜூன் 14, சனி

இன்று கேட்டுவிட்டேன். சத்தமாகவே கேட்டேன். "அந்த வீட்டுல அப்படி என்ன இருக்கு, நம்ம வீட்டுல இல்லாதது?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா தினம் போற? அங்கயே ஒரு பாயை விரிச்சுப் படுத்துக்க வேண்டியதுதானே."

வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். வெங்காயத்தால்தான் கண் கலங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டிய நாள். எழுதுகிறேன்.

அந்த ரவிக்கை ஆறு நாளாக மெஷின் மேலேயே கிடந்தது. சண்டை போட்ட மறுநாள் வேலை செய்து கொடுத்துவிடுவது என் வழக்கம். மன்னிப்பு என்கிற சொல் எனக்கு நாக்கில் வராது, நூலில்தான் வரும். "வா, அளவு பார்க்கிறேன்" என்று டேப்பை எடுத்தேன்.

"வலது கையைத் தூக்கு."

தூக்கினாள். மார்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"நல்லாத் தூக்கு."

"அவ்வளவுதாங்க வரும்."

நான் பிடித்து மெதுவாக உயர்த்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். பின்னால் கொண்டுபோகப் பார்த்தேன். இடுப்பைக்கூடத் தாண்டவில்லை. எத்தனை ஆயிரம் தோள் அளந்திருப்பேன். ஒருவர் நடந்து வரும்போதே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்குள் நடக்கிற தோளை நான் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம்."

அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். வலது கை பின்னால் போகவில்லை. மக்கைத் தூக்கி ஊற்ற முடியவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பக்கத்து வீட்டில் அந்தக் குழாய் இடது பக்கம் இருக்கிறது, அவர் பீச்சாங்கை ஆயிற்றே. இடது கையால் எட்டிப் பிடித்து, வேலை முடிந்துவிடுகிறது. அதற்காகத்தான் ஆறரை மணி.

நான் என்ன செய்தேன்? என் உடம்பை அளந்து அவளுக்குச் சட்டை தைத்தேன். வலது பக்கம் மாட்டினேன்.

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீங்க சலூன்ல சொல்லுவீங்க."

"நானா?"

"என் பல்லு?"

அவள் கட்டுப்பல் ஒரு கல்யாண வீட்டில் தண்ணீர் டம்ளருக்குள் விழுந்ததை நான்தான் தெருவுக்கே நடித்துக் காட்டினேன். டம்ளரை எடுத்து, கண்ணை உருட்டி, எல்லாம். ஏழு வருஷம் ஆகிறது. ஹார்டுவேர் கடைக்காரர் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் ஒரு மாதிரி சிரிக்கிறார். அதனாலேயே அந்தப் பக்கமே அவள் போவதில்லையாம். அதுவும் இன்றைக்குத்தான் தெரியும்.

அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. பீச்சாங்கை மேல் இருந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. இதுதான் பொறாமை. வயிற்றுக்குள் ஊசி உடைந்து நிற்கிற மாதிரி.

ஜூன் 16, திங்கள்

டிரில் மெஷின் கேட்டுப் போனேன். அந்த வீட்டு வாசற்படி இத்தனை உயரமா?

"மெஷின் கொஞ்சம் வேணும் மச்சான். குழாயை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் மாத்தணும்."

ஏன் என்று கேட்பார், ஏதாவது ஒரு பொய் சொல்லலாம் என்று இரண்டு பொய் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. உள்ளே போய் மெஷினை எடுத்து வந்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிய ஹோஸ்.

"ஒரு மீட்டர் பத்தாது. கம்மோடுக்குப் பின்னால சுத்தி வரணும். இது ஒண்ணரை மீட்டர்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவ சொன்னா." உள்ளே சமையல் சத்தத்தைக் காட்டினார். "எப்பவாவது வருவீங்கன்னு வாங்கி வெச்சேன்."

தெரிந்திருக்கிறது. ஒரு வாரமாகச் சுவருக்கு மேலே நின்று நான் அடித்த கிண்டலையெல்லாம் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை விட்டிருந்தால் என் மூக்கு அறுந்திருக்கும். விடவில்லை. இவருடைய குழாய் மேல் எனக்கு ஆசையில்லை, சட்டை மேல் ஆசையில்லை. இந்த வாய் இருக்கிறதே, மூடி வைக்கத் தெரிந்த வாய், அது எனக்கு எங்கே கிடைக்கும்? எந்தக் கடையில் ஸ்டீலில் விற்கிறார்கள்?

ஜூன் 17, செவ்வாய்

அவரும் வந்து பிடித்தார். நான் துளை போட்டேன். இந்தத் தடவை அவளை உட்காரவைத்து, அவள் கை நீட்டிய இடத்தில் குறித்தேன். டைல்ஸ் உடையவில்லை.

"டேப்பை யாரு சுத்தினது? சுத்தமா இருக்கே" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. எதற்கு என்றே தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

ஆறரைக்குப் போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனோம். தோள்மூட்டு இறுகிப் போயிருக்கிறதாம், மெதுவாகத்தான் இளகும். தினமும் சுவரில் விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே ஏற்ற வேண்டும். எது வரைக்கும் ஏறுகிறதோ அங்கே துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸால் நான் கோடு போடுகிறேன். இரண்டு நாளில் அரை அங்குலம்.

"சுவரெல்லாம் கிறுக்குறீங்க" என்கிறாள். கிறுக்கட்டும்.

அண்ணி வீட்டுக்கு இப்போது சாயங்காலம் போகிறாள். நிஜமாகவே பேச. அரை மணி நேரம். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

கீறின டைல்ஸை மாற்ற நேற்று ஆள் வந்தார். இன்று சலூனுக்குப் போனால் விஷயம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

சலூன்காரர் கத்தரியை நிறுத்திக் கேட்டார். "டைல்ஸ்காரர் சொன்னாரு, உங்க வீட்டுல குழாய் இடது பக்கம் இருக்காமே. யாருக்கு?"

பெஞ்சில் நாலு பேர். மூலையில் பேப்பருக்குப் பின்னால் பீச்சாங்கை. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். அந்த வாயில் ஒரு கதை தயாராக வந்து நிற்கிறது. நல்ல கதை. எழுந்து நடித்தால் கடையே உருளும். எனக்கே சிரிப்பு வந்தது.

"எனக்குத்தான்" என்றேன்.

"உங்களுக்கா?"

"வயசாச்சுல்ல. வலது கைக்கு ஓய்வு குடுத்துட்டேன்."

"அப்ப இனிமே நீங்களும் பீச்சாங்கையா?"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் நான் உட்கார்ந்து கை மாற்றுகிற மாதிரி நடித்துக் காட்டினான். என்னிடம் கற்ற வித்தைதான், ஆனால் சுமாராகச் செய்தான். சிரிப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நாற்காலி இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. மச்சான் என்னைப் பார்த்தார். மறுபடி பேப்பர் ஏறிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் வாசலில் பால்காரர் சத்தமாகக் கேட்டார். "அம்மா, சின்னப் பீச்சாங்கை எழுந்துட்டாரா?"

இவள் பாலை வாங்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். நான் மெஷினில் உட்கார்ந்து அந்த ரவிக்கைக்குக் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இது என்ன புதுப் பேரு?"

"யாரோ வெச்சிருக்காங்க. வேலையத்தவங்க."

"சலூன்ல என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

சலூன் கதையை அண்ணி தெருவில் கேட்டுச் சொல்லியிருப்பாள், அந்த வீட்டில் பூட்டிய வாய் ஒன்றுதான். அப்புறம் என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. வலித்தது. தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன்.

வலது கை.

அப்படியே நில் என்று சொல்லிவிட்டு, கோடு போடச் சாக்பீஸைத் தேடினேன்.