கீரிமலைக் கேணியில் உயர்ந்த கைகள்

இரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் தாதி என் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்புத்தான். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், தோழி. உன் வாழ்வைக் கெடுத்தவளை நான் விடவில்லை.

முதற்பிள்ளை வயிற்றிலேயே கலைந்து, கண் குழிவிழுந்துபோய் நீ கிளினிக்குக்குப் போனாய். "உடம்பு தேறட்டும் பிள்ளை, சத்து மருந்து வைக்கிறன்" என்று சொல்லி, அந்த டொக்டர் ஸ்பிரிட்டால் துடைத்து, உன் மேற்கைத் தோலுக்குள் இரண்டு சிறிய குச்சிகளை வைத்தாள். நீயும் கைகூப்பிவிட்டு வந்தாய். பிறகு பிள்ளையே வரவில்லை. மாமியார் நாலு பேர் கேட்க "மலடி" என்றாள். உன் புருஷன் வீட்டுக்கு வருவதைக் குறைத்தான்.

கீரிமலைப் பெண்கள் கேணியில் நாங்கள் குறுக்குக்கட்டோடு குளித்த அன்றுதான், பக்கத்தில் நின்ற ஒருத்தி உன் கைத் தழும்பைக் கண்டாள். "உனக்கும் வைச்சவையோ? உது பிள்ளை வராமல் வைக்கிறதெல்லோ!" நீ என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்தினாய். குச்சிகள் தட்டுப்பட்டன. நீ அழவில்லை. "அந்த டொக்டர் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டவவோ?" என்று மட்டும் கேட்டாய். குச்சிகளை எடுப்பித்தபோது உன் புருஷன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். போன மாரியில் டெங்கு உன்னைக் கொண்டுபோகும்வரை உன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த வருடம், வெளிநாட்டு நிதியில் அந்தக் கிளினிக் நடத்தும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மதிப்பிட ஆள் தேடினார்கள். வேலையைக் கேட்டு வாங்கினேன். நியாயம் பார்க்கப் போனேன் என்று சொன்னால் பொய். அந்த டொக்டரைப் பிடிக்கத்தான் போனேன்.

மண்டபத்தில் தாய்மாரைக் கூட்டினார்கள். முன்வரிசையில் அவள், பட்டுச் சேலையோடு. கேட்டதற்கெல்லாம் பெண்கள் "ஓம், நல்லது, ஒரு குறையுமில்லை" என்றார்கள். நிதி தரும் நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரி மகிழ்ந்துபோனாள். வெளியில் ஒருத்தியை மறித்து, ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவ முன்னாலை இருக்க என்னெண்டு சொல்லுறது, அக்கா? நாளைக்கும் அவவட்டைத்தானே பிள்ளையைக் கொண்டு போகவேணும்."

"அப்ப எல்லாரும் நாளைக்குக் கீரிமலைக்கு வாங்கோ. குளிப்பம்" என்றேன்.

மறுநாள் வெள்ளைக்காரியும் எங்களோடு கேணியில் இறங்கினாள். உபசரிக்க வந்த டொக்டர், சேலை நனைந்துவிடுமென்று கேணியைச் சுற்றிய மதிலுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே ஒருத்தி கையை உயர்த்தித் தழும்பைக் காட்டினாள். "சத்து மருந்தெண்டுதான் சொன்னவ." அடுத்தவளும் காட்டினாள். பிறகு யாருக்கும் பயமில்லை. நான் ஒரு சொல் விடாமல் வெள்ளைக்காரிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், மதிலுக்கு வெளியேயும் கேட்கும்படி உரத்து.

வெளியே வந்ததும் டொக்டர் என் கையைப் பிடித்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. "மேலிடம்தான் குச்சி வைக்க ஆள் சேர்க்கச் சொன்னது, பிள்ளை. என்ரை பேரை மட்டும் எழுதாதேங்கோ."

உன் பேரைச் சொல்லி, "அவவை ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"எத்தினை பேர் வந்து போறவை..." என்று இழுத்தாள்.

நீ இருந்திருந்தால் "பாவம், விடு" என்றிருப்பாய். எனக்கு அந்தக் குணம் இல்லை. அவளின் முழுப்பேரையும் அறிக்கையில் எழுதினேன். உன் தோலுக்குள் அந்தக் குச்சிகளைத் தொட்டுப் பார்த்த விரல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த விரலால்தான் எழுதினேன்.